துவக்கில்லாமல் தாரா சுட்ட வீடு

நடுவர் ஐயா, என்ர அணி, எதிரணி, முன்வரிசையில கச்சான் உடைச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமார், எல்லாருக்கும் வணக்கம். தந்தது எட்டு நிமிசம், வணக்கத்துக்கு இவ்வளவு காணும்.

பின்னுக்கு மதிலில ஏறி இருக்கிற பொடியளுக்குத் தலைப்பை ஒருக்காச் சொல்லிவிடுறன், "பழைய ரீவி கேமில மனசில நிண்டது பிடிச்ச கேமா, ஏமாத்தின கேமா?" நான் ஏமாத்தின பக்கம். உண்மையைச் சொன்னா சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தது, மற்றச் சீட்டு விழுந்திருந்தா இப்ப மரியோவுக்குத் தேவாரம் பாடிக்கொண்டு நிண்டிருப்பன். அது வேற கதை.

எனக்கு முதல் கதைச்ச அக்கா என்ன சொன்னவ? "ஏமாத்தின கேம் எண்டு ஒண்டுமே இல்லை, விளையாடத் தெரியாத ஆக்கள்தான் இருக்கினம், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம், தம்பி கொன்ராவில முதல் பாலம் வெடிக்கேக்கயே செத்திருப்பார்" எண்டு. நீங்களும் விழுந்து விழுந்து கை தட்டினியள். ஆரார் தட்டினது எண்டு நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், என்ர சித்தியும் அதுக்குள்ள.

சரி, பாலத்துக்கு வருவம். கொன்ரா தெரியாத ஆக்களுக்கு, சட்டை போடாத ஒருத்தன் காட்டுக்குள்ள ஓடி ஓடிச் சுடுவான், கொஞ்சத் தூரத்தில ஒரு பாலம் வரும், கால் வைச்ச உடன அது துண்டு துண்டா வெடிச்சுக்கொண்டு வரும். வேற ஊர்ப் பிள்ளையள் எண்டா பாஞ்சு ஓடுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அம்மம்மா என்ன பழக்கி வைச்சிருக்கிறா? வெடிச் சத்தம் கேட்டா குப்புறப் படு எண்டு! நான் கீழ்ப் பட்டனை அமத்தினன், அவனும் நல்ல பிள்ளையாப் படுத்தான், பாலம் போட்டுது, ஆள் தண்ணிக்குள்ள. ஆனா அக்கா, இப்ப கேளுங்கோ, ஆள் சாகேல்லை. அந்தத் தண்ணியில நீந்தலாம். கீழ்ப் பட்டனை அமத்தினா தண்ணிக்குள்ள தாண்டு ஒளிக்கலாம், குண்டும் படாது. பாலம் வெடிச்சா ஆள் சாகுது எண்டு சொல்லுறீங்களே, நீங்கள் எந்த வீட்டு ரீவியில கொன்ரா பாத்தனீங்கள்?

நடுவர் ஐயா சிரிக்கிறார், எனக்கு அது காணும். ஆனா விடமாட்டன். இன்னொண்டு சொன்னவ, தான் கொன்ராவை முடிச்சவவாம். எப்பிடி முடிச்சனீங்கள்? பட்டனை இந்த வரிசையில அமத்தி, மேல மேல, கீழ கீழ, இடம் வலம், இடம் வலம், பீ, ஏ! முப்பது உயிர்! மூண்டு உயிரோட செத்த நான் விளையாடத் தெரியாதவன், முப்பது உயிரைக் களவா எடுத்து முடிச்சவ வீராங்கனை. அந்தக் கள்ளக் கோட் எப்பிடி வந்தது எண்டு தெரியுமோ? கொனாமி எண்ட ஜப்பான் கொம்பனியில கசுஹிசா ஹஷிமோட்டோ எண்டு ஒருத்தர் 1986இல கிரேடியஸ் எண்ட கேமை வீட்டு மிசினுக்கு மாத்திக்கொண்டு இருந்தவர், சரியோ பிழையோ எண்டு விளையாடிப் பாத்தா மனுசனால தன்ர கேமையே முடிக்க ஏலேல்லை, அவ்வளவு கஷ்டம், அதால தனக்கு லேசாக்க வைச்சதுதான் அந்தக் கோட். மேடை கட்டின ஆசாரியே ஆடிப் பாத்திட்டுக் கோணல் எண்டு சொன்ன இடத்தில, ஆட வந்த சின்னப் பொடியன் நான் சொல்லக்கூடாதோ?

பேந்து மரியோ. எதிரணியில மூண்டு பேரும் மரியோ மரியோ எண்டு உருகினவை. 1985ஆம் ஆண்டுக் கேம், எட்டு உலகம், ஒரு உலகத்துக்கு நாலு கட்டம், கூட்டினா 32. நாலாங் கட்டத்தில கோட்டை. நெருப்புக்குள்ளால பாஞ்சு, ஆமையைத் தள்ளிவிழுத்தி, உள்ளுக்குப் போனா குடைக்காளான் தலையோட ஒரு சின்ன ஆள் நிண்டு என்ன சொல்லும்? "நன்றி மரியோ, ஆனா இளவரசி வேற கோட்டையில." இது ஒரு தரமில்லை ஐயா, ஏழு தரம்! பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன ஆக்கள் கையை உயர்த்துங்கோ பாப்பம். "அந்த அலுவல் பாக்கிறவர் இண்டைக்கு லீவு, நாளைக்கு வாங்கோ." அதேதான்! எட்டாவதில ஒருபடியா இளவரசியைக் கண்டா, அவவும் ரெண்டு வசனம் நன்றி சொல்லிப்போட்டு, இந்தா புதுப் பயணம் எண்டு திரும்ப முதலில இருந்து ஓடவிடுறா. உங்கட பிடிச்ச கேமே என்ர அணிக்குச் சாட்சி சொல்லுது. இதுக்குள்ள எட்டாம் உலகத்தில நிக்கேக்க கரண்ட் போனா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, அதில சேவ் எண்டு ஒண்டு இல்லை, எங்கட ஊரில அப்ப கரண்ட் எண்டு ஒண்டு நிண்டதுமில்லை.

அமெரிக்காவிலயும் ஏமாந்தவை இருக்கினம். அற்றாரி மிசினுக்கு 1982 நத்தாருக்கு எண்டு ஈ.ரி. எண்ட படத்தின்ர கேமை ஐஞ்சே ஐஞ்சு கிழமையில செய்து வித்தவை, மினக்கெட்டு வாங்கின பிள்ளையள் குழிக்குள்ள விழுந்து விழுந்து ஏறினதுதான் மிச்சம், 1983இல விக்காத கசெற்றுகளை நியூ மெக்சிக்கோவில ஒரு குப்பை மேட்டில கொண்டுபோய்த் தாட்டினவை. 2014இல அதைத் திரும்பக் கிண்டி எடுத்தவை! நாங்கள் 95இல சண்டையால ஊரை விட்டு வெளிக்கிடேக்க வளவுக்குள்ள எதைத் தாட்டனாங்கள்? குத்துவிளக்கு, பித்தளைக் குடம். திரும்பி வந்து கிண்டினது அதுகளைத்தான். ஏமாத்தின கேமைக் குத்துவிளக்கு மாதிரிக் கிண்டி எடுக்குது ஒரு நாடு, மனசில நிக்காமலோ எடுத்தது?

ஐயா மணியில கை வைக்கிறார். பொறுங்கோ ஐயா, நான் இன்னும் என்ர கதைக்கே வரேல்லை.

2002, சண்டையால பூட்டிக் கிடந்த யாழ்ப்பாண றோட்டு, ஏ9, திறந்த வருசம். கொழும்பில இருந்து சாமான் சாமானா வருது. வகுப்பில மூண்டு பேரிட்ட ரீவி கேம் வந்திட்டுது, எனக்கு இரவில நித்திரை இல்லை. அப்பா கொழும்புக்கு ஒரு அலுவலாப் போனவர், புறக்கோட்டையில பேரம் பேசி ஒண்டு வாங்கினார். சைனா மிசின், ரெண்டு ரிமோட், 9999 கேம் எண்டு எழுதின மஞ்சள் கசெற் (எண்ணிப் பாத்தா இருபதோ என்னவோ தான், மிச்சமெல்லாம் அதே கேம் வேற பேரோட), அதோட 'டக் ஹண்ட்' எண்ட தாரா (வாத்து) சுடுற கேமுக்கு ஒரு துவக்கு. கறுப்புத் துவக்கு. அப்பா அதை உடுப்புப் பையுக்குள்ள வைச்சுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். 2002இல. ஏ9ஆல. துவக்கோட!

வழியில ஒரு செக்பொயின்ற். எது எண்டு கேக்காதேங்கோ. எல்லாரையும் இறக்கி, பையைத் திறக்கச் சொல்லி, காவலுக்கு நிண்ட பொடியன் உடுப்புக்குள்ள கையை விட்டு வெளியில எடுக்கிறான், வேட்டியில்லை, துவக்கு. "மே மொகத்த?" இது என்ன எண்டு கேக்கிறான். அப்பாக்கு நாக்கு ஒட்டிட்டுது. அவருக்குத் தெரிஞ்ச சிங்களம் பத்துச் சொல்லு. துவக்குக்குச் சிங்களத்திலயும் துவக்குத்தான், அது அவருக்கு நல்லாத் தெரியும், ஆனா அந்த இடத்தில அந்தச் சொல்லைச் சொல்ல ஏலுமோ? விளையாட்டுச் சாமானுக்கு அவங்கள் "செல்லம் படு" எண்டு சொல்லுவாங்கள், அதில பாதிதான் ஞாபகம் வந்தது. கையை ரெண்டையும் மேல தூக்கிக்கொண்டு, "செல்லம் மாத்தயா, செல்லம், செல்லம்!"

பின்னால வரிசையில நிக்கிற சனத்துக்கு எப்பிடி இருந்திருக்கும்? நரைச்ச தலையோட ஒரு மனுசன், துவக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவனைப் பாத்து, செல்லம், செல்லம் எண்டு கொஞ்சுறார்! அந்தப் பொடியன் மேலையும் கீழையும் பாத்திட்டு விசையை ஒருக்கா இழுத்தானாம். "டிக்". அவ்வளவுதான் சத்தம். வரிசையில நிண்ட அத்தனை பேரும் குந்திட்டினமாம்! அம்மம்மா பழக்கினது, வேற என்ன. நிமிந்து நிண்டது ரெண்டே ரெண்டு பேர், அந்தப் பொடியனும் எங்கட செல்லமும்.

இந்தக் கதையை அப்பா முதல்நாள் சொல்லேக்க காவலுக்கு ஒரு பொடியன். மாமா வந்த அண்டைக்கு மூண்டு பேர். அக்கான்ர கலியாண வீட்டில பந்தியில வைச்சுச் சொல்லேக்க பெரிய அதிகாரி ஒருத்தர் ஜீப்பில வந்து இறங்கினவர். இப்ப ஹெலியும் வந்திட்டுதோ தெரியாது. ஆனா எல்லாக் கதையிலயும் முடிவு ஒண்டுதான், பொடியன் சிரிச்சுப்போட்டு மிசினைத் தந்திட்டான், துவக்கை வைச்சிட்டான்.

வீட்டை வந்து 14 இஞ்சி ரீவியில பூட்டினம். தாரா பறக்குது. துவக்கில்லை. ஒரு றவுண்டுக்குப் பத்துத் தாரா, ஆறையாவது விழுத்தினாத்தான் அடுத்த றவுண்ட். ஒவ்வொண்டாப் பறந்து பறந்து போகுது, ஒவ்வொரு தரமும் புல்லுக்குள்ளால ஒரு நாய் எழும்பி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குது. அக்கா, நீங்கள் கேட்டனீங்கள் ஏமாத்தின கேம் எங்க எண்டு. இந்தா! நான் ஒரு குண்டும் சுடேல்லை, என்னைப் பாத்துச் சிரிக்குது! நான் அழுதன். அப்பா ஒண்டும் கதைக்கேல்லை, கோடிப்பக்கம் போனார், வாள் அரியிற சத்தம் கேட்டுது, ஒரு மணித்தியாலத்தால வாறார், வேப்பம் பலகையில ஒரு துவக்கு. விசைக்கு ஒரு ஆணி. பிடியில அரம் போட்ட தூள் இன்னும் போகேல்லை.

பலகைத் துவக்குக்கு என்ன தாரா விழும்? ஆனா அந்தக் கேமில ஒரு விசயம் இருக்கு, மற்ற ரிமோட்டால தாராவை நாங்கள் பறக்க விடலாம். நான் ரிமோட். அப்பா கதிரையில இருந்து ஒற்றைக் கண்ணை மூடி வாயால "டுமீல்" எண்டுவார். நான் தாராவை இழுத்து அவருக்கு நேர கொண்டு வருவன். "பட்டிட்டுது!" எண்டுவார். தாரா தன்ர பாட்டில பறந்து போகும், நாய் எழும்பிச் சிரிக்கும், அதுக்கு மேலால அப்பா சிரிப்பார். முதலாம் றவுண்டை நாங்கள் ஒருநாளும் தாண்டினதில்லை.

போன வருசம் கனடாவில இருந்து மச்சான் அந்தக் கேமின்ர உண்மையான துவக்கு ஒண்டு கொண்டு வந்தான். இருபது வருசத்துக்கு மேல. பழைய மிசினைத் தூசி தட்டி, புது எல்ஈடி ரீவியில பூட்டி, அப்பான்ர கையில குடுத்தன். சுடுறார், சுடுறார், ஒண்டும் விழேல்லை. பிறகுதான் விளங்கினது, அந்தத் துவக்கு சுடுறேல்லை, பாக்கிறது. விசையை இழுத்தா திரை ஒரு கணம் கறுத்து, தாரா இருந்த இடம் வெள்ளையா மின்னும், அதைத்தான் அது பிடிக்கிறது. பழைய குழாய் ரீவிக்குத்தான் அந்தக் கணக்குச் சரி வரும், புது ரீவி கொஞ்சம் பிந்திக் காட்டும், துவக்கு பாக்கேக்க வெளிச்சம் வந்திராது. பழைய ரீவியை நாங்கள் எப்பவோ இரும்புக்காரனிட்டக் குடுத்திட்டம்.

அப்பாக்கு இப்ப கை நடுங்கும். துவக்கை மேசையில வைச்சார். நாய் சிரிச்சுக்கொண்டு நிக்குது, எனக்கு அந்த ரீவியை உடைக்க வேணும் போல இருந்தது. அவர் மெல்ல எழும்பி அறைக்குள்ள போனார், அலுமாரி திறக்கிற சத்தம். திரும்பி வரேக்க கையில பலகைத் துவக்கு, ஆணி கறள் பிடிச்சிட்டுது. கதிரையில வந்து இருந்து ஒற்றைக் கண்ணை மூடினார்.

"தாராவை விடு செல்லம்" எண்டார்.

மணி அடிச்சிட்டியளோ ஐயா? சரி, இறங்குறன்.