மருத்துவமனையை வடிவமைப்பது ஒரு தனி வேலை

(காட்சி: நகரும் ஸ்ட்ரெச்சரிலிருந்து தெரியும் சீலிங். ட்யூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன.)

வணக்கம். மருத்துவமனையில் படுத்திருப்பவர் அதிக நேரம் எதைப் பார்க்கிறார்? சீலிங்கைத்தான். நாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு "வார்டு பளிச்சென்று இருக்கிறது" என்கிறோம். அந்தப் பளிச்சென்ற விளக்கு அவர் கண்ணுக்கு நேர் மேலே எரிகிறது. படுத்திருப்பவரின் இடத்திலிருந்து ஓர் அறையை யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: மருத்துவமனைகளுக்கான இன்டீரியர் டிசைன்.

பின்லாந்தில் பைமியோ என்ற ஊர். 1933-இல் அங்கே காசநோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் திறந்தார்கள். காசநோய்க்கு மருந்து வராத காலம் அது. ஓய்வு, வெயில், நல்ல காற்று, இவைதான் சிகிச்சை. வடிவமைத்தவர் ஆல்வர் ஆல்டோ. அவர் மனைவி ஐனோவும் கூடவே உழைத்தார்.

(காட்சி: இருவர் தங்கும் நோயாளி அறையின் வரைபடம்.)

சீலிங்குக்கு வெள்ளை அடிக்காமல் கண்ணை உறுத்தாத அடர் பச்சை அடித்தார்கள். விளக்கைப் படுத்திருப்பவரின் பார்வையில் படாத இடத்தில் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வாஷ்பேசின். ஒருவர் கை கழுவும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூக்கம் கலையக் கூடாது. அதனால் தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமில்லாமல் வழியும்படி பேசினின் சரிவை அமைத்தார்கள். நோயாளியின் தூக்கத்தை இவ்வளவு மதித்த ஒரு பேசினை இன்றைய எத்தனை வார்டுகளில் பார்க்க முடியும்?

அப்புறம், 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை; பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதும் சிகிச்சையைச் சேர்ந்த கேள்விதான் என்று பலரை அது யோசிக்க வைத்தது.

(காட்சி: தரையும் சுவரும் சேரும் இடம், மிக அருகில்.)

சரி, தினப்படி வேலை எப்படி இருக்கும்? இந்த மூலையைப் பாருங்கள். வீட்டில் தரையும் சுவரும் செங்குத்தாகச் சேரும். ஆப்பரேஷன் தியேட்டரில் அந்த மூலையில் அழுக்கு தங்கும், மாப் எட்டாது. அதனால் வினைல் தரையை வளைத்துச் சுவரில் சில அங்குலம் ஏற்றிவிடுவார்கள். இதற்குக் கோவிங் என்று பெயர். இணைப்புகளையும் சூடாக்கி ஒட்டி, இடைவெளி இல்லாமல் செய்துவிடுவார்கள். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வி, "இதைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தால் தாங்குமா?" அழகு அதற்குப் பிறகுதான்.

இதோடு, கட்டில் திரும்பும் அளவுக்குக் கதவும் நடைவழியும் வேண்டும், எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் ஈயத் தகடு வேண்டும், ஸ்ட்ரெச்சர் இடிக்கும் உயரத்தில் சுவருக்குக் காப்புப் பட்டை வேண்டும். நம் ஊரில் நோயாளியோடு இரவு தங்குபவர் எங்கே படுப்பார் என்பதையும் வரைபடத்திலேயே யோசித்தாக வேண்டும். பல மருத்துவமனைகளில் அவர் தரையில்தான் படுக்கிறார். டிசைனர் நினைத்தால் மாற்றக்கூடிய விஷயம் இது.

படிப்பு என்றால், கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க் ஐந்து வருடம். அதற்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். டிசைன் பட்டமான பி.டெஸ் நான்கு வருடம். அதை ஐஐடிகளில் படிக்க யூசீட் என்ற நுழைவுத் தேர்வு. மருத்துவமனைக்கான நுணுக்கங்களைப் பெரும்பாலும் வேலையில் சேர்ந்துதான் கற்க வேண்டியிருக்கும். மருத்துவமனைத் திட்டங்களை எடுத்துச் செய்யும் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேருங்கள். மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் தரச்சான்று விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான ரிசப்ஷன் படங்களை அடுக்க வேண்டாம். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வார்டுக்குப் போய், நர்ஸிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் எந்த இடம் தொந்தரவு என்று கேளுங்கள். அந்த ஓர் இடத்தை மட்டும் அளந்து, சரிசெய்து வரைந்து, அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.