உறுதியில் எழுதாத மண்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சட்டத்தரணி. என் நாளில் பாதி காணி உறுதிகளோடுதான் போகிறது. போன வருடம் மனைவியின் தம்பி வெல்லம்பிட்டிப் பக்கம் எட்டு பேர்ச் காணி வாங்கினான். உறுதியை நானே பார்த்துக் கொடுத்தேன். எல்லைகள் சரி, பழைய பதிவுகள் சரி, அடமானமும் இல்லை. அத்திவாரம் வெட்டத் தொடங்கிய அன்று காலை போன் வந்தது. "அத்தான், மண் கறுப்பாய்க் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ."

போனேன். ஒன்றரை அடிக்குக் கீழே கரி போல ஒரு படை. அதற்குள் உடைந்த பற்றரிப் பெட்டித் துண்டுகள், கையில் எடுத்தால் உதிரும் சாம்பல் நிறத் தகடுகள். மேசன் பாஸ் அலவாங்கால் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, முன்பு இங்கே யாரோ பற்றரி உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள் என்றார். உறுதியை மறுபடி எடுத்து வாசித்தேன். கிழக்கே வாய்க்கால் என்று எழுதியிருந்தது. ஈயத்தைப் பற்றி எந்த உறுதியில் எழுதுவார்கள்?

எழுதிய உறுதி ஒன்று உண்டு. அமெரிக்காவில், நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கிற அதே ஊரில், லவ் கனால் என்று பாதியில் கைவிட்ட ஒரு கால்வாய். 1942 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ஒரு இரசாயன நிறுவனம் அதற்குள் ஏறத்தாழ 20,000 தொன் கழிவைக் கொட்டி மூடியது. 1953இல் அந்த நிலத்தை ஊர்ப் பாடசாலைச் சபைக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே இரசாயனக் கழிவு இருக்கிறது, பின்னால் எது நடந்தாலும் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று உறுதியிலேயே ஒரு வாசகம். அப்படியிருந்தும் அங்கே பாடசாலை கட்டினார்கள், சுற்றிவர வீடுகளும் எழும்பின. பிறகு நிலக்கீழ் அறைகளில் கழிவு கசிந்து ஊறியது. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் கலவரத்தில் பிறந்ததுதான், நஞ்சு கலந்த நிலங்களைச் சுத்தம் செய்யவைக்க 1980 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம். என் மாதிரிக் காணிச் சட்டத்தரணிகளுக்கு அது கொஞ்சம் அதிர்ச்சியான சட்டம். கழிவு கொட்டியபோது அது குற்றமில்லை என்றாலும் பொறுப்பு உண்டு. கவனமாகத்தான் கொட்டினேன் என்றாலும் உண்டு. கொட்டியவர், கொட்டிய காலத்தில் காணி வைத்திருந்தவர், இப்போது வைத்திருப்பவர், ஏற்றி வந்து இடம் காட்டிய லொறிக்காரர், எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் மாட்டுவார்கள். சுத்தம் செய் என்ற உத்தரவைத் தகுந்த காரணமில்லாமல் தட்டிக் கழித்தால் செலவின் மூன்று மடங்குவரை அறவிடலாம். லவ் கனால் நிறுவனத்தை உறுதியில் இருந்த அந்த வாசகம் காப்பாற்றவில்லை. அந்த நிறுவனத்தை வாங்கிய கம்பனி 1995இல் 129 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கொட்டியவர் செத்திருந்தால், கம்பனி மூடியிருந்தால்? அதற்குத்தான் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிற அந்த 'ஃபண்ட்', சுத்தம் செய்யும் செலவுக்கான ஒரு நிதி. எண்ணெய், இரசாயனக் கம்பனிகளிடம் வரி வாங்கி அதில் போட்டார்கள். அந்த வரி 1995இல் காலாவதியாகி, கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் பொதுமக்கள் வரிதான் செலவைச் சுமந்தது.

சரி, சுத்தம் செய்வது என்றால் என்ன செய்வார்கள்? முதலில் காகிதவேலை. பழைய வரைபடங்கள், விற்பனைச் சிட்டைகள், அங்கே வேலை செய்தவர்களின் ஞாபகம். பிறகு மண்ணையும் நிலத்தடி நீரையும் துளைத்து மாதிரி எடுத்து, ஆபத்துக்குப் புள்ளி போடுவார்கள். 28.5ஐ எட்டினால், முதலில் சுத்தம் செய்யவேண்டிய இடங்களின் தேசிய முன்னுரிமைப் பட்டியலுக்குத் தகுதி. அதற்குப் பிறகு எந்த முறை, எவ்வளவு செலவு என்று ஆராய்ந்து, ஊராரின் கருத்தைக் கேட்டு, முடிவை எழுத்தில் வெளியிட வேண்டும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

முறை நஞ்சைப் பொறுத்தது. சில கரைப்பான்களை மண்ணிலிருந்து காற்றாக உறிஞ்சி எடுக்கலாம். எண்ணெயை நுண்ணுயிர்கள் மெதுவாகத் தின்னும். ஈயம் எரிந்தும் போகாது, மக்கியும் போகாது. தோண்டி வேறிடம் கொண்டுபோகலாம், சீமெந்து போன்றதைக் கலந்து இறுக்கலாம், மேலே களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடலாம். ஒமாஹா நகரில் ஈயத் தொழிற்சாலைப் புகை படிந்த 13,000க்கும் அதிகமான வீட்டு முற்றங்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டார்கள். லவ் கனாலில் கழிவைத் தோண்டவே இல்லை. மூடி, வேலி போட்டு, கசியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்கிறார்கள். 2004இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் கழிவு இன்றும் உள்ளேதான் இருக்கிறது. இப்படிக் கழிவை விட்டுவைத்த இடங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பதும் சட்டம். எனக்கு அந்தச் சட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நம் இலங்கையின் தேசிய சுற்றாடல் சட்டமும் அதே 1980இல் வந்தது, 47ஆம் இலக்கச் சட்டம். அது பெரும்பாலும் நீ இப்போது என்ன செய்கிறாய் என்றுதான் கேட்கிறது. தொழிற்சாலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2008 வர்த்தமானிக்குப் பிறகு, அட்டவணையில் உள்ள ஆபத்தான கழிவைச் சேர்க்கவும் ஏற்றவும் களஞ்சியப்படுத்தவும் தனி அனுமதி வேண்டும். இங்கே முன்பு என்ன நடந்தது என்ற கேள்வி வரும்போது நாங்கள் நீதிமன்றப் படிதான் ஏறுகிறோம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் மிதந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாளியை இழுத்தால் உள்விளிம்பில் வானவில் மாதிரி ஒரு படலம் ஒட்டும். குடாநாட்டின் அடியில் ஓட்டையும் பொந்துமான சுண்ணக்கல், அதற்குள் போன எண்ணெய் வேலியைப் பார்த்து நிற்குமா? 2019இல் உயர் நீதிமன்றம், மாசாக்கியவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து, மின் உற்பத்தி நிறுவனம் ஊராருக்கு 20 மில்லியன் ரூபா கொடுக்க வேண்டும் என்றது. ஒரு வேடிக்கை: சூப்பர்ஃபண்ட் சட்டம் எரிபொருள் எண்ணெயைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அங்கே போயிருந்தாலும் சுன்னாகத்துக்கு அந்தச் சட்டம் உதவியிராது.

அப்புறம் வெல்லம்பிட்டிக் காணி. இந்தக் கறுப்பு மண் அட்டவணைக் கழிவு வகையில் வரலாம், மாதிரி எடுத்துப் பார்க்கும்வரை தொடவேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, நீதிமன்ற வேலை இருந்ததால் வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துப் போனபோது குழி பளிச்சென்று இருந்தது. சிவப்புக் கிரவல் நிரப்பி, அத்திவாரக் கல்லும் அடுக்கியாயிற்று. அவனுடைய சின்ன மகள் அந்தக் கிரவலில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மண் எங்கே?"

"இரண்டு லோட் ஏற்றி விட்டாச்சு, அத்தான். பாஸ்தான் லொறி பிடிச்சுத் தந்தவர்."

"எங்கே கொட்டினாங்கள்?"

அவன் பாஸைப் பார்த்தான். பாஸ் தெருவைப் பார்த்தார்.