ஒரே மாதிரி தெரியும் மூன்று டைவ் வாட்ச்களில் எதை வாங்குவது? ஆத்தங்குடி நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் முதலில் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஒரு நேயர் அனுப்பியது. அவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். "40,000 ரூபாய்க்குள் ஒரு டைவ் வாட்ச், அதாவது நீரில் முங்குகிறவர்களுக்கான வாட்ச், வாங்க நினைக்கிறேன். சீக்கோ டர்ட்டில், ஓரியண்ட் கமாசு, சிட்டிசன் புரோமாஸ்டர் என்ஒய்0040 ஆகிய மூன்றில் வந்து நிற்கிறேன். மூன்றும் ஜப்பான் கம்பெனி, மூன்றும் ஆட்டோமேட்டிக், மூன்றிலும் 200 மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. பட்டறையில் என் கை பாதி நேரம் சிமெண்டுத் தண்ணீரில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கிணற்றில் நீந்துவேன். கடலில் முங்கும் பழக்கம் இல்லை. எதை வாங்கலாம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயா, உங்களுக்கு ஓரியண்ட் கமாசு பொருந்தும். ஆனால் அதனுடன் வரும் இரும்புச் செயினைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் வார் மாட்டிக்கொள்ளுங்கள். இதே கேள்வியைத் தொண்டியிலிருந்து படகில் போகும் ஒருவர் கேட்டிருந்தால் நான் டர்ட்டிலைத்தான் சொல்லியிருப்பேன். விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்களை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது; கையில் கட்டிக்கொண்டு எங்கே, என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

அந்த எண்களை முதலில் பார்த்து முடித்துவிடுவோம். மூன்று மெஷின்களும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு 6 துடிப்பு ஓடுபவை. ஆட்டோமேட்டிக் என்பதால் கை அசைவிலேயே சாவி ஏறும்; முழுச் சாவியில் மூன்றும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும், பிற்பகலுக்குள் நின்றுவிடும். மூன்றிலும் கிழமையும் தேதியும் உண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு முன்னே பின்னே போகலாம் என்று கம்பெனியே சொல்லும் அளவில் வேறுபாடு இருக்கிறது. டர்ட்டிலில் உள்ள 4ஆர்36 மெஷினுக்கு 45 நொடி வேகம் முதல் 35 நொடி தாமதம் வரை, சிட்டிசனின் 8204-க்கு 40 நொடி வேகம் முதல் 20 நொடி தாமதம் வரை, ஓரியண்டின் எஃப்6922-க்கு 25 நொடி வேகம் முதல் 15 நொடி தாமதம் வரை. இவையெல்லாம் கம்பெனி தன் பாதுகாப்புக்காக விரித்து வைத்துக்கொண்ட எல்லைகள். கையில் ஓடும்போது பெரும்பாலான வாட்ச்கள் இதைவிட நன்றாகவே ஓடும். இரவில் கழற்றி வைக்கும்போது டயல் மேலே பார்த்தபடி வைப்பதற்கும் பக்கவாட்டில் சாய்த்து வைப்பதற்கும் ஓட்டத்தில் சில நொடிகள் மாறும் என்பதால், உங்கள் வாட்ச் எந்த நிலையில் வேகமாகவும் எந்த நிலையில் மெதுவாகவும் ஓடுகிறது என்று ஒரு வாரம் கவனித்து, அதற்கேற்றபடி வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். நேரத்தை நொடி பிசகாமல் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கிரௌனை, அதாவது நேரம் வைக்கத் திருகும் பக்கக் குமிழை, வெளியே இழுத்தால் டர்ட்டிலிலும் கமாசுவிலும் நொடிமுள் நிற்கும், என்ஒய்0040-ல் நிற்காது. எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

அடுத்து அந்த 200 மீட்டர். இதைப் பற்றித்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். டைவ் வாட்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற உலகத் தர விதி இருக்கிறது. அதன்படி ஒரு வாட்ச் குறைந்தது 100 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும். காந்தம், அதிர்ச்சி, உப்பு நீர் ஆகியவற்றையும் தாங்க வேண்டும். அந்தச் சோதனைகளில் தேறியவற்றின் டயலில் 'டைவர்ஸ்' என்று எழுதியிருக்கும். இதோ, டர்ட்டிலின் டயலில் இருக்கிறது, சிட்டிசனிலும் இருக்கிறது. கமாசுவில் பாருங்கள், 200 மீட்டர் நீர் புகாது என்று மட்டுமே இருக்கிறது, 'டைவர்ஸ்' என்ற சொல் இல்லை. அப்படியென்றால் கமாசு கிணற்றுத் தண்ணீருக்குத் தாங்காதா என்றால், தாராளமாகத் தாங்கும். பொழுதுபோக்காகக் கடலில் முங்குகிறவர்களுக்கே 40 மீட்டர்தான் எல்லை என்று பயிற்சி அமைப்புகள் வைத்திருக்கின்றன. உங்கள் கிணற்றில் அதில் பாதி ஆழத்துக்கு நீர் நின்றாலும் நீங்கள் அடிவரை போகப் போவதில்லை.

இந்த இடத்தில், பல கடைக்காரர்கள் சொல்லும் ஒரு செய்தியைத் திருத்த வேண்டியிருக்கிறது. நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறும், ஆகவே 100 மீட்டர் வாட்சைக் கட்டிக்கொண்டு நீந்தவே கூடாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை நீரில் இழுத்தாலும் அதனால் கூடும் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சமம், அவ்வளவுதான். வாட்சுக்குள் தண்ணீர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: கிரௌனைத் திருகி மூட மறந்திருப்பார்கள், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகிப் போயிருக்கும். மூன்று வாட்சிலும் கிரௌன் திருகி மூடும் வகைதான். தேதி மாற்றிய பிறகு, திருகு தானாக நிற்கும் வரை மெதுவாக மூட வேண்டும். இறுக்கி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். கிணற்றில் குதிப்பதற்கு முன் ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். ஆத்தங்குடிக் கல் செய்கிறவருக்குக் கண்ணாடியைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் கட்டங்களுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்து போட்டுத்தான் கல்லை வார்க்கிறீர்கள். கல்லின் முகத்தில் வரும் வழவழப்பு முழுக்க அந்தக் கண்ணாடி தந்தது என்பதும், கண்ணாடியில் மணல் உரசிக் கீறல் விழுந்தால் வேலை கெடும் என்பதும் உங்களுக்கு அன்றாடம். வாட்ச் கண்ணாடிக்கும் அதே மணல்தான் பகை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சாதாரண மினரல் கண்ணாடி 6-ஐ ஒட்டியே நிற்கிறது. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் என்பது பதப்படுத்திய மினரல் கண்ணாடி, கொஞ்சம் மேல், அவ்வளவே. சஃபையர் எனும் செயற்கை நீலக்கல் கண்ணாடி 9. ஆகவே மணல் பட்ட கையால் துடைத்தாலே டர்ட்டிலிலும் சிட்டிசனிலும் நாளடைவில் மெல்லிய கோடுகள் விழும். கமாசுவில் இருப்பது சஃபையர், அதை மணல் கீறாது. மூன்றில் விலை குறைவானதும் பெரும்பாலும் அதுதான் என்பதால், உங்கள் பட்டறைக்கு நான் அதைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

சஃபையருக்கும் குறை உண்டு. கடினமான பொருள் என்பதால் அது வளைந்து கொடுக்காது. இரும்புச் சட்டத்தின் முனையில் ஓங்கி இடித்தால் மினரல் கண்ணாடி தப்பிக்கிற இடத்தில் சஃபையரின் ஓரம் சில்லுத் தெறிக்கக்கூடும். மாற்றுவதற்கும் மினரலைவிடச் செலவு அதிகம். உச்சி வெயிலில் கமாசுவின் தட்டைக் கண்ணாடி எதிரொளிக்கும் என்பதையும் இப்போதே காட்டிவிடுகிறேன், இந்த விளக்குக்கு நேராகச் சாய்த்தால் முள்ளே தெரியவில்லை பாருங்கள். வாட்சின் உடலாகிய எஃகு எப்படியும் கீறல் வாங்கும். மூன்றுக்கும் அது பொது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

செயினை வேண்டாம் என்று சொன்னேனே, அதற்கும் மணல்தான் காரணம். செயினின் இணைப்புகளுக்குள் சிமெண்டுத் தூளும் மணலும் புகுந்தால் ஊசிகள் உள்ளுக்குள்ளேயே அரைபட்டுத் தேயும், வியர்வையும் சேர்ந்து நிற்கும். கமாசுவுக்கும் டர்ட்டிலுக்கும் வார் அகலம் 22 மி.மீ., என்ஒய்0040-க்கு 20 மி.மீ.; இரண்டு அளவிலும் நல்ல சிலிகான் வார் எளிதாகக் கிடைக்கிறது. சிமெண்டுத் தண்ணீர் கடும் காரத்தன்மை கொண்டது, அது பெசலுக்கு, அதாவது டயலைச் சுற்றித் திரும்பும் வளையத்துக்கு, அடியில் காய்ந்தால் பெசல் திரும்பாமல் கெட்டியாகிவிடும். ஆகவே மாலையில் கை கழுவும்போது கிரௌன் மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, வாட்சையும் குழாய் நீரில் காட்டி, பழைய மென்மையான பல் துலக்கியால் பெசல் ஓரத்தைத் தேய்த்து விடுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் கழற்றி வையுங்கள். எண்ணெயும் சீயக்காயும் பெசலுக்குள் போய்ப் பிசுக்காகி, அதன் பிறகு வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி கிரௌன் இருக்கும் இடம். இதைக் கடையில் யாரும் கவனிப்பதில்லை, ஆறு மாதம் கட்டிய பிறகுதான் கவனிப்பார்கள். கமாசுவில் கிரௌன் வழக்கம்போல 3 மணி இடத்தில் இருக்கிறது. உள்ளங்கையை ஊன்றிக் கல்லை அழுத்தும்போது அது மணிக்கட்டுக்கு மேலே புறங்கையில் குத்தலாம். டர்ட்டிலில் 4 மணிப் பக்கம் இறக்கி வைத்திருக்கிறார்கள். சிட்டிசனில் 8 மணிப் பக்கம், அதாவது இடக்கையில் கட்டினால் முழங்கைப் பக்கம் போய்விடுகிறது. கையை எப்படி மடக்கினாலும் குத்தாது. இந்த ஒரு விஷயத்தில் சிட்டிசன்தான் மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கல்லை வார்ப்பதும் அழுத்துவதும் உங்கள் கையாலேயே என்றால், கடையில் மேசை மேல் உள்ளங்கையை ஊன்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கமாசு குத்தினால் நான் சொன்னதை மறந்துவிட்டுச் சிட்டிசனை வாங்கிக்கொண்டு, கீறல் விழுந்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டர்ட்டில் 44 மி.மீ.க்கு மேல் என்று கேட்டதும் பயப்படுகிறார்கள், ஆனால் வார் மாட்டும் காதுகள் குறுகி உடலோடு ஒட்டியிருப்பதால் சிறிய மணிக்கட்டிலும் உட்கார்ந்துவிடும். மற்ற இரண்டும் 42 மி.மீ.யை ஒட்டியவை.

இருட்டில் ஒளிர்வதில் டர்ட்டில் மற்ற இரண்டையும் விஞ்சும். இதோ, விளக்கை அணைக்கிறேன், மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள்: நடுவில் இருப்பது டர்ட்டில், வலப்பக்கம் மங்கலாகத் தெரிவது கமாசு. அதிகாலை இருட்டில் படகில் போகிறவருக்கு டர்ட்டிலைச் சொல்வேன் என்றது இதற்காகத்தான். மணலைவிட அவருக்கு இருட்டுதான் பிரச்சினை. நம் ஊரில் இதையெல்லாம் ரேடியம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இப்போது வரும் பூச்சில் கதிரியக்கம் எதுவும் கிடையாது. உண்மையான ரேடியம் பூசியவை 1960-களுக்கு முற்பட்ட வாட்ச்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த வீட்டுச் சாமான்களோடு அப்படிப்பட்ட பழைய வாட்ச்கள் எப்போதாவது கண்ணில் படும். அலமாரியில் வைக்க வாங்குங்கள், மூடியைத் திறந்து முள்ளைச் சுரண்டாதீர்கள், அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கவே இறங்காதீர்கள்.

பெசல் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், முள் நகர நகர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பெசலிலேயே படிக்கலாம். கிணற்று மோட்டார் போட்ட நேரத்தைப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்படி வைத்திருப்பது, தெரியாமல் இடித்துத் திரும்பினாலும் ஆன நேரத்தை அதிகமாகக் காட்டுமே தவிர ஒருபோதும் குறைவாகக் காட்டாது என்பதற்காக. நீருக்கடியில் மூச்சுக்காற்று தீரும் கணக்கில் அந்த வேறுபாடு உயிர் விஷயம்.

கடைசியாக, வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பெசலின் முக்கோணமும் டயலின் 12 மணிக் குறியும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணெதிரே வைத்துப் பாருங்கள். இந்த விலையில் சற்றே தள்ளி நிற்பவையும் வருவதுண்டு, வாங்கிய பிறகு சொன்னால் மாற்றித் தர யோசிப்பார்கள். சர்வீஸுக்கு மதுரைக்கு அனுப்புவார்களா திருச்சிக்கு அனுப்புவார்களா, எத்தனை நாளாகும் என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ரசீதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். சீக்கோவாக இருந்தால் பின்மூடியில் உள்ள ஆறு இலக்கச் சீரியல் எண்ணில் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இடத்தில் இருப்பது தயாரித்த மாதம். நாலைந்து ஆண்டு ஷோகேசிலேயே கிடந்த வாட்ச் என்று அதிலிருந்து தெரிந்தால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்; கிணற்றில் இறங்குவதற்கு முன் வாஷரை மாற்றி, நீர் புகும் சோதனை செய்துதரவும் சொல்லுங்கள்.