பாடநூல் விடையைத் தரும், இதழ் கணக்கைக் காட்டும்

(பட்டிமன்றத் தலைப்பு: மருத்துவ மாணவரை நல்ல மருத்துவராக்குவது பாடநூலா, மருத்துவ இதழா? 'இதழே' என்ற அணியின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணியினர் மூன்று வாதங்களை வைத்தார்கள். பாடநூலைப் படித்து முடிக்கவே நேரம் போதவில்லை, இதழை எப்போது படிப்பது? இதழ்கள் எல்லாம் வெளிநாட்டு நோயாளிகளைப் பற்றியவை, நம் வார்டுக்கு எதற்கு? அச்சிட்ட கட்டுரையையே திரும்பப் பெறுகிறார்களே, அதை எப்படி நம்புவது?

பாடநூலைத் தூக்கி எறியச் சொல்ல நாங்கள் வரவில்லை. உடற்கூறியலை இதழில் படிக்க முடியாது. ஆனால் ஒரு மருந்து யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பது ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில்தான் இருக்கிறது. கோவிட் காலத்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, 6425 நோயாளிகள், நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். 'டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும்' என்று செய்தி வந்தது. அட்டவணை என்ன சொல்கிறது? வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 29.3 சதவீதம். கழித்தால் 12.1. ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம், 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில்? வழக்கமான சிகிச்சையில் 14.0, மருந்து பெற்றவர்களில் 17.8! இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். இரு குழுவின் இறப்பு வீதத்தை ஒப்பிடும் எண் 1 என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள். அந்த எண்ணின் உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையான நம்பக இடைவெளி, 1-இன் இருபுறமும் விரிகிறது. அதனால் கெடுதல் நிரூபணமாயிற்று என்று சொல்லக் கூடாது. ஆனால் பலன் இருப்பதற்கான அடையாளம் அங்கே இல்லை.

இந்த மூன்றாவது வரிசையைப் படிக்காததன் விலையை 2021இல் நாம் கொடுத்தோம். லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களுக்கு முதல் நாளிலேயே ஸ்டீராய்டு எழுதப்பட்டது. நீரிழிவு நோயாளிகளிடம் கருப்புப் பூஞ்சை பெருகியதற்கு அந்த அளவு மீறிய பயன்பாடும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. மருந்தின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நடுவர் அவர்களே. அட்டவணைதான் தெரிந்திருக்கவில்லை.

நேரம் இல்லை என்கிறார்கள். நாங்கள் கேட்பது இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, 45 நிமிடம். ஒரு கட்டுரையைக் கூடிப் படித்து விவாதிக்கும் ஜர்னல் கிளப்புகள் பல கெட்டுப்போவது நேரத்தால் அல்ல, முறையால். முந்தைய இரவு அவசரமாக ஒரு கட்டுரையைப் பிடிப்பது, நாற்பது ஸ்லைடில் முன்னுரையை ஒப்பிப்பது, மாணவர் வாய் திறக்கும் முன் பேராசிரியர் தீர்ப்புச் சொல்லிவிடுவது. இதை மாற்ற வேண்டியவர் ஆசிரியர். வார்டில் எழுந்த ஒரு கேள்விக்கான கட்டுரையை ஒரு வாரம் முன்பே தர வேண்டும். யாரிடம், எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்ற நான்கையும் முதலில் ஒரே வரியில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு ஆய்வுமுறை, நோயாளிகளின் முதல் அட்டவணை, முதன்மை விளைவு. விவாதப் பகுதிக்கு வருவது கடைசியில்தான். அங்கே இருப்பது ஆய்வாளரின் கருத்து, அதை முதலில் படித்தவருக்கு எண்களைத் தன் கண்ணால் பார்ப்பது கடினம்.

எதைப் படிப்பது? இரண்டாம் ஆண்டில், ஒரு நோயைப் பற்றித் தெரிந்ததைத் தொகுத்துச் சொல்லும் லான்செட் இதழின் 'செமினார்' கட்டுரைகளில் தொடங்கலாம். நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கத் தொடங்கும்போது ஜாமா இதழின் 'ரேஷனல் கிளினிக்கல் எக்ஸாமினேஷன்' தொடர். ஓர் அறிகுறி இருந்தால் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்று அது எண்ணில் சொல்கிறது. ஆசிரியர்களுக்கு 'மெடிக்கல் டீச்சர்' என்ற மருத்துவக் கல்வி இதழ். கனடாவின் மாண்ட்ரியலில் 1875இல் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் ஜர்னல் கிளப் தொடங்கியதே, தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைச் சேர்ந்து வாங்கிப் படிக்கத்தான். இன்று அரசுக் கல்லூரிகளுக்கு இதழ்களைப் படிக்க 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்கு பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியம் இலவசம்.

அடுத்து, வெளிநாட்டுச் சரக்கு என்ற வாதம். காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலத்தில், அதைச் சோதித்த ஊர் எது? சென்னை! 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒரு குழுவை வீட்டிலும் ஒரு குழுவைச் சானடோரியத்திலும் வைத்து, இரு குழுவுக்கும் ஒரே இரண்டு மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது.

2023இல் லான்செட்டில் வந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு ஜார்கண்டில் நடந்தது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை. 'காசநோய் 39 சதவீதம் குறைந்தது' என்பது செய்தித் தலைப்பு. உள்ளே போனால் 2.6 சதவீதம் 1.7 ஆனது. அதாவது 111 பேருக்கு, சுமார் 30 குடும்பங்களுக்கு, உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் தடுக்கப்படும். இரண்டு எண்ணும் உண்மை. திட்டத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று கணக்குப் போட இரண்டாவது எண்தான் உதவும்.

கடைசியாக, திரும்பப் பெறுதல். 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி, கோவிட்டுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி லான்செட் 2020 மே 22இல் வெளியிட்ட கட்டுரை, ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. வெறும் 13 நாள். பிடித்தவர்கள் யார்? வாசகர்கள்! ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. அதே தேதிவரை அந்நாட்டில் பதிவான கோவிட் இறப்புகளே மொத்தம் 67. அட்டவணையை நிறுத்தி நிதானமாகப் படித்தவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தரவு கொடுத்தவர்களால் பதில் தர முடியவில்லை. அப்படிக் கேட்கும் பயிற்சியைத்தான் எங்கள் அணி மாணவருக்குக் கேட்கிறது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.