60 பேருக்கு என்ன ஆயிற்று? அவர்களின் காலணியைப் பாருங்கள்!

[திரையில்: கறுப்பு வெள்ளைக் கடலில் ஆளில்லாத பாய்மரக் கப்பல்]

வணக்கம். இந்தக் கப்பலின் பட்டியலில் உள்ள 60 பேரும் யார் யார், அவர்கள் என்ன ஆனார்கள், கொல்லப்பட்டிருந்தால் கொன்றவர் யார் என்பதையெல்லாம் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்ட யாரும் வர மாட்டார்கள். லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்ற கேமைத்தான் இன்று அலசப் போகிறோம். ஒரு புதிரின் விடையைப் போட்டு உடைக்கப் போகிறேன் என்பதால், இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். உங்கள் வியூ ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது.

பின்னணியை விரைவாக முடித்துவிடுவோம். 1802இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போன கப்பல், 1807இல் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளரான நீங்கள் ஒரு சடலத்தருகே நின்று மாயக் கடிகாரத்தைத் திறந்தால், சாவுக்கு முந்தைய பேச்சும் ஓசையும் காதில் விழும். பிறகு அந்த நொடி அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நடந்து திரிந்து பார்க்கலாம்.

[திரையில்: மாலுமிகளின் தளம், வரிசையாகத் தொங்கு படுக்கைகள்]

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். பட்டியலில் சீனாவைச் சேர்ந்த நான்கு பாய்மர மாலுமிகள் இருக்கிறார்கள். அவர்களில் எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்பதைப் பேச்சை மட்டும் கேட்டுப் பிரித்தறிய முடியாது. ஆனால் மாலுமிகள் உறங்கும் தளத்தில் ஒவ்வொரு தொங்கு படுக்கையிலும் ஓர் எண் இருக்கிறது. அதுவே பட்டியலிலும் அவர்களுடைய எண். படுத்திருப்பவரின் முகம் மறைந்திருந்தாலும் கால் வெளியே தெரிகிறது. அந்தக் காலணியை மனத்தில் பதித்துக்கொண்டு, வேறு காட்சிகளில் அதே காலணியோடு நிற்பவர் யார் என்று தேடினால் பெயர் கிடைத்துவிடும். கையிலுள்ள பொருள்களையெல்லாம், சாவிக்கொத்தின் ஒவ்வொரு சாவியையும் பூட்டில் நுழைத்துப் பார்ப்பதுபோல், வரிசையாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லும் பழைய சாகச கேம்களுக்கு இந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

இதில் ஓர் உறுத்தலும் உண்டு: தோற்றத்தையும் பிறந்த நாட்டையும் வைத்து மனிதர்களைப் பட்டியல் எண்ணோடு பொருத்திக்கொண்டே போகும்போது, கம்பெனிக் கணக்கரின் பார்வை நமக்கும் வந்துவிடுகிறது. கதைக்கு அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

குறை என்றால் இரண்டைச் சொல்வேன். பார்த்த காட்சிக்குள் மீண்டும் நுழைய, கண்டுபிடித்ததைக் குறித்துவைக்கக் கேம் தரும் புத்தகத்தில் அதன் பக்கத்தைத் தொட்டால் போதாது. தளம் தளமாக இறங்கி அதே சடலத்திடம் போக வேண்டும் என்பது வெறும் கால்வலி. இரண்டாவது இன்னும் பெரியது. மூன்று பேரின் முடிவுகள் சரியாக இருந்தால்தான் கேம் அவற்றை உறுதிசெய்யும் என்பது குருட்டாம்போக்கு ஊகத்தைத் தடுக்கும் அருமையான விதி. ஆயினும் உறுதியாகத் தெரிந்த இரண்டு பேரைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாமவருக்கு மட்டும் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டால் விதி வாயடைத்துப் போகிறது. பெயர்கள் குறையக் குறைய இந்தக் குறுக்குவழி இன்னும் எளிதாகிறது. காலணிவரை பார்க்க வைத்த கேம், கடைசிச் சில பெயர்களில் பார்க்காமலே ஜெயிக்க விடுகிறது.

அந்தச் சீன மாலுமிகளை நீங்கள் காலணியால் கண்டுபிடித்தீர்களா, பெயரை மாற்றிப் போட்டுத் தேற்றினீர்களா? கமெண்டில் நேர்மையாக எழுதுங்கள்.