சிவப்பு பை மட்டும் போதாது

[திரையில்: எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, கன்டெய்னர் லாரி வரிசை]

லாரி உரசி பைக்ல போனவருக்குத் தொடை எலும்பு உடைஞ்சிருக்கு. ரோட்டுல ரத்தம் அவ்வளவா இல்ல. ஆனா அந்த ஒரு தொடைக்குள்ளயே ஒண்ணுல இருந்து ஒண்ணரை லிட்டர் வரை தேங்கலாம். 108 வண்டி அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரி கேஷுவால்டியில இறக்கும்போது கை சில்லுனு, நாடி தடதடன்னு இருக்கும்.

இங்க சலைன் பாட்டிலா ஏத்திக்கிட்டே போறது தப்பு. ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு எதுவும் அதுல இல்ல. இருக்கிறதையும் நீர்க்க வைக்கும், உடம்பையும் குளிர வைக்கும். உடம்பு குளிர்ந்தா ரத்தம் சரியா உறையாது.

[திரையில்: மூணு பை]

இவருக்கு ஏத்த வேண்டியது ரத்தம், அது மூணு பையா பிரிச்சு வெச்சிருக்கும். சிவப்பு பையில சிவப்பணு, 2-6 டிகிரி ஃப்ரிட்ஜ்ல இருக்கும். மஞ்சள் பை பிளாஸ்மா, அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு இருக்கிற நீர்ப்பகுதி; கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும். 37 டிகிரி தண்ணியில உருக அரை மணி நேரம் வரை ஆகும். அதனால பிளட் பேங்குக்கு முன்னாடியே போன் போகணும். மூணாவது பிளேட்லெட், அதாவது கசிவை அடைக்கிற தட்டணு, 20-24 டிகிரியில ஆடிக்கிட்டே இருக்கிற தட்டுல, ஆயுசு 5 நாள். மூணும் 1:1:1 கணக்குல போகணும். சிவப்பு மட்டும் போனா ஆக்சிஜன் கிடைக்கும், கசிவு நிக்காது.

போர்முனையில பிளேட்லெட்டைச் சேர்த்து வைக்கிறது கஷ்டம். அதனால, மத்த குரூப் சிவப்பணுவைத் தாக்குற ஆன்டிபாடி அளவு கம்மியா இருக்கிற ஓ குரூப் சிப்பாய்களை முன்கூட்டியே பார்த்து வெச்சு, தேவைப்படும்போது அவங்ககிட்ட எடுத்த சூட்டோட முழு ரத்தமா ஏத்துற முறை ராணுவத்துல இருக்கு. மூணும் ஒரே பையில! நம்ம ஊர்ல எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா டெஸ்ட் முடியாம பை வெளிய வராது. வாசல்ல கையை நீட்டிக்கிட்டு நிக்கிற மச்சானோட ரத்தம் பெரும்பாலும் அடுத்து வர்றவருக்குத்தான். இவருக்கு ஏறுறது, யாரோ முன்னாடியே குடுத்துட்டுப் போனது.

[திரையில்: பையின் லேபிள், நெருக்கத்தில்]

பைக்குள்ள ரத்தம் கட்டாம இருக்க சிட்ரேட் கலந்திருக்கு. அது உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். மெதுவா ஏறினா கல்லீரல் சமாளிச்சிடும். ஷாக்குல, அதாவது ரத்த ஓட்டம் ரொம்பக் குறைஞ்சு கிடக்கிறவருக்கு மளமளன்னு ஏறும்போது முடியாது. கால்சியம் இறங்கினா பிரஷர் ஏறாது, ரத்தமும் உறையாது. உதட்டைச் சுத்தி மரத்துப்போறதுதான் முதல் அறிகுறி; மயங்கிக் கிடக்கிறவர் அதை எங்க சொல்லப்போறார்? அதனால ராணுவ வழிமுறையில முதல் பையோடயே 10 சதவீத கால்சியம் குளூகோனேட் 30 மில்லி. ஆனா வேற லைன்ல! ரத்தம் ஓடுற அதே ட்யூபுல குடுத்தா உள்ளயே கட்டிக்கும். ரிங்கர் லாக்டேட்ங்கிற டிரிப்ஸும் அந்த லைன்ல வேண்டாம், அதுலயும் கால்சியம் இருக்கு.

கட்டின ரத்தம் கரையாம தடுக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து 1 கிராம், 10 நிமிஷத்துல, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள. அதுக்கப்புறம் குடுத்தா கெடுதல்தான்.

சிவப்பு பையைச் சுடுதண்ணியில போட்டுச் சூடாக்குறது மட்டும் கூடவே கூடாது. சிவப்பணு வெடிச்சுடும், ரத்தத்தை அளவாச் சூடாக்குற வார்மர் மெஷின் வழியாதான் ஏத்தணும். ஏறும்போது குளிர்நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீர் டீ டிகாஷன் நிறம்னு எது வந்தாலும் உடனே நிறுத்தி, பையை ட்யூபோட அப்படியே பிளட் பேங்குக்கு அனுப்பணும்.