திட்டம் கலைந்த பிறகும் வேலை இருக்கிறது

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மிஷனரிப் பணிக்குப் புறப்படுகிறவர்களுக்கு வெயிலைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் எச்சரித்து அனுப்ப நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பணித்தளத்தில் ஒருவரைச் சாய்ப்பது பெரும்பாலும் வெயில் அல்ல. சொந்த ஊரில் தன்னைக் கெட்டிக்காரர் என்று காட்டிய அளவுகோல் எதுவும் அங்கே செல்லாமல் போவதுதான். நன்றாகப் பிரசங்கம் பண்ணியவருக்கு அங்கே உப்பு கேட்டு வாங்கத் தெரியாது. நூறு பேரை வைத்து முகாம் நடத்தியவரைப் பார்த்து ஐந்து வயதுப் பிள்ளை சிரிக்கும்.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960இல் வெளியான கட்டுரையில், அந்நியப் பண்பாட்டுக்குள் போகிறவருக்கு வருகிற இந்த அதிர்ச்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். முதலில் எல்லாம் புதுமை, எல்லாம் அழகு. அடுத்து எரிச்சல். பிறகு மெல்ல மெல்லத் தேறுதல். கடைசியில் அந்த இடம் நமக்கும் ஊராகிவிடுகிறது. இரண்டாவது கட்டத்துக்கு வெளிப்படையான ஓர் அடையாளம் உண்டு. நம் மொழிக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, “இந்த ஜனங்களே இப்படித்தான்” என்று பேச ஆரம்பிப்போம். அந்த வாக்கியம் வாயில் வந்தால், அழைப்பு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் நிற்கிறோம், அவ்வளவுதான். அந்த நாட்களில், முக்கியமாக இரவு நேரத்தில், ராஜினாமாக் கடிதம் எழுதாதிருப்பது நல்லது.

சோர்வு என்றதும் ஜெபம் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் நம்மிடையே அதிகம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டுப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது உபதேசம் அல்ல. சுட்ட அடையும் தண்ணீரும் தூக்கமும் கிடைத்தன. எழுந்து சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார், மறுபடியும் சாப்பிட்டார். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி நாற்பது நாள் நடைக்குப் பிறகு ஓரேப் மலையில்தான் வருகிறது. ஆகையால் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு எடுக்க வேண்டும். ஞாயிறு நமக்கு வேலை நாள், அதை ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மலேரியாத் தடுப்புக்கு வாரம் ஒருமுறை போடுகிற மெஃப்ளோகுயின் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு மனநிலை மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாற்று மருந்து இல்லாமல் தானாக நிறுத்தினால் மலேரியாவுக்குக் கதவு திறந்தாகிவிடும். மாத்திரையே போடாதவர்களுக்கும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் எதிலும் நாட்டமும் இல்லாமல் போனால், மருத்துவர்தான் வழி. அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி அளவுகோலுக்கு வருவோம். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்தில் வந்து இறங்கியது 1793 நவம்பர். முதல் வங்காளியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவின் ரங்கூனுக்குப் போனார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 ஆனது. ஆறு, ஏழு வருஷம். இந்த வருஷங்களை ‘பொறுமை’ என்று ஒரே சொல்லில் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்த வருஷங்களில் அவர்கள் அன்றாடம் என்ன செய்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மொழி படித்தார்கள், இலக்கணக் குறிப்பு எடுத்தார்கள், மொழிபெயர்த்தார்கள். ஒருவர் மனம் மாறுவது நம் கையில் இல்லை. இன்று பத்து வாக்கியம் படிப்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இல்லாததை இலக்காக வைத்து, அது நடக்கவில்லை என்று மாதாமாதம் உடைந்துபோவதுதான் களத்தில் அதிகம் நடக்கிற தவறு.

மொழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், முதல் வருஷத்தின் நம்பிக்கை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. காலையில் ஒரு மணி நேரம் உள்ளூர்க்காரர் ஒருவரோடு உட்கார வேண்டும். அன்றைக்குத் தேவையான பத்து வாக்கியங்களை அவர் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து, அரை மணி நேரம் கேட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு வெளியே போய் அதே வாக்கியங்களைப் பத்துப் பேரிடமாவது பேச வேண்டும். மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், வெட்கம். புத்தகத்தோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு எழுத்து வரும், வாய் வராது. மொழிபெயர்ப்பாளரைச் சீக்கிரமே வைத்துக்கொண்டவருக்கு அதுவும் வராது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

திட்டம் முழுவதுமே கலைந்துவிட்டால்? 1812 மார்ச் 11ஆம் தேதி இரவு, வங்காளத்துச் செராம்பூரில் கேரியும் தோழர்களும் நடத்திய அச்சகம் தீப்பிடித்தது. காகிதம் எரிந்தது, பல மொழி எழுத்துருக்கள் உருகி ஈயக் கட்டியாயின. கேரி பல வருஷம் உழைத்த அகராதிக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இடிபாட்டைக் கிளறியபோது எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் கெடாமல் கிடைத்தன. அச்சு இயந்திரங்களும் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தையே எடுத்து மறுபடியும் எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். போனதைப் பட்டியல் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மனம் தானே போட்டுவிடும். மிஞ்சியதைப் பட்டியல் போடுவதற்குத்தான் காகிதமும் பேனாவும் வேண்டும். விசா மறுக்கப்பட்டதா, பள்ளி மூடப்பட்டதா, உடன் ஊழியர் திரும்பிப் போய்விட்டாரா, அந்த வாரமே உட்கார்ந்து எழுதுங்கள்: கற்ற மொழி, பழகிய குடும்பங்கள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், பாதியில் நிற்கிற மொழிபெயர்ப்பு. அடுத்த வேலை அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும். பித்தினியா நாட்டுக்குப் போகப் பார்த்த அப்போஸ்தலன் பவுலுக்கு வழி அடைபட்டது. துரோவாவுக்கு இறங்கிப் போனார், அங்கிருந்து மக்கெதோனியா. பிலிப்பி பட்டணத்து ஆற்றங்கரையில், அவர் செய்தியை ஏற்றுக்கொண்ட லீதியாளைச் சந்தித்தது அப்படித்தான்.

இடமாற்றம் வந்தால் ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், யாருடைய மருந்துச் செலவு பாதியில் நிற்கிறது, எந்த இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை இல்லை, பணக்கணக்கு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய் விடைபெற இரண்டு வாரமாவது ஒதுக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் அந்த ஜனங்கள் அடுத்து வருகிறவரை நம்ப மாட்டார்கள். “சீக்கிரம் திரும்பி வருவேன்” என்று சொல்லவும் கூடாது. புதிய இடத்தில் முதல் மூன்று மாதம், “அங்கே நாங்கள் இப்படிச் செய்தோம்” என்ற பேச்சை எடுக்காதிருந்தால் பாதிச் சண்டை வராது.

ஜெபக் கடிதம் பற்றி ஒன்று. அனுப்பிய சபைக்கு நல்ல செய்தி மட்டுமே எழுதிப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் உள்ளே ஒரு ஆள், கடிதத்தில் ஒரு ஆள் என்று ஆகிவிடுகிறது. சோர்வு வரும்போது அதைச் சொல்ல இடமில்லை. ஒரு பக்கம் போதும். நடந்தது ஒன்று, நடக்காதது ஒன்று, வேண்டுதல் ஒன்று. இதுபோக, எதையும் மறைக்காமல் எழுத இரண்டு மூன்று பேர் கொண்ட சிறிய வட்டம் தனியாக வேண்டும். சம்பளத்தையும் இடமாற்றத்தையும் முடிவு செய்கிறவர் அந்த வட்டத்தில் இருக்கக் கூடாது. எந்தக் கடிதத்திலும் உள்ளூர் விசுவாசிகளின் பெயரோ படமோ வேண்டாம். அது எங்கெல்லாம் சுற்றும் என்பது நமக்குத் தெரியாது.

கடைசியாக, வீடு திரும்புகிறவர்களுக்கு. நாலு வருஷம் கழித்து வரும்போது ஊரும் மாறியிருக்கும், நாமும் மாறியிருப்போம். அது தெரியாமல் வருவதால்தான் பலருக்குப் போன அதிர்ச்சியைவிட வந்த அதிர்ச்சி பெரிதாக இருக்கிறது. சபைகளும் வந்த முதல் ஞாயிறே மேடையில் ஏற்றி, அறிக்கை கொடு, படம் காட்டு என்று கேட்கின்றன. குறைந்தது ஒரு மாதம் கழித்து அந்தக் கூட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று புறப்படுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். அந்த ஒரு மாதத்தில் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அப்போதே ஆகட்டும்.

வணக்கம்.